குளம் எத்தனை அடி? கனவளவை அடியிலிருந்து அறிவோம்

மாரி தொடங்கிவிட்டால் கிளிநொச்சியில் ஆளை ஆள் கண்டதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இரணைமடு இப்ப எத்தினை அடி?" தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள், பஸ்ஸுக்குள் கேட்பார்கள், செத்த வீட்டிலும் கேட்பார்கள். 36 அடி வந்தால் இரணைமடுக் குளம் முட்டி நிரம்பிவிட்டது என்று பொருள்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். பத்தாந் தரத்துப் பொடியன் ஒருவன் ஒருநாள் கேட்டான்: "ரீச்சர், பதினெட்டு அடி எண்டால் அரைக் குளம் தண்ணி தானே?" தகப்பன் வயல் செய்கிறவர். அவன் பரீட்சைக்காகக் கேட்கவில்லை. "இல்லை" என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம், ஆனால் அவனுக்குத் தேவைப்பட்டது காரணம். அந்தக் காரணத்தை அடியிலிருந்தே கட்டிக்கொண்டு வருவோம். கனவளவு என்ற பாடம் முழுவதும் அந்த வழியில்தான் கிடக்கிறது.

அடி என்பது நீளம். கயிறு, கம்பு, ஆளின் உயரம் எல்லாம் நீளத்தால் அளப்பவை. வயலை நீளத்தால் மட்டும் அளக்க முடியாது. அகலமும் வேண்டும், அது பரப்பு. தண்ணீருக்கும் மணலுக்கும் நெல்லுக்கும் மூன்றாவதாக உயரமும் வேண்டும். ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் கனவளவு.

பக்கம் 1 சென்ரிமீற்றர் உள்ள சின்னச் சின்னச் சதுரமுகிக் கட்டைகள் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 5, அகலம் 4 சென்ரிமீற்றர் உள்ள பெட்டியின் அடித்தளத்தில் அவற்றை அடுக்கினால் 20 கட்டைகள் பிடிக்கும். இது ஒரு படை. பெட்டி 3 சென்ரிமீற்றர் உயரமென்றால் இப்படி மூன்று படை, ஆக 60 கட்டைகள். கனவளவு 60 கன சென்ரிமீற்றர். நீளத்தை அகலத்தால் பெருக்கி உயரத்தால் பெருக்கு என்று பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். அதைவிட, "முதற் படையில் எவ்வளவு, அப்படி எத்தனை படை" என்று மனதில் வைத்திருப்பது நல்லது. அந்த நினைப்பு கிணற்றுக்கும் உதவும், குளக்கட்டுக்கும் உதவும், கடைசியில் குளத்துக்கும் உதவும்.

அலகில்தான் முதற் பிழை வரும். 1 மீற்றருக்கு 100 சென்ரிமீற்றர் என்பதால் 1 கன மீற்றருக்கு 100 கன சென்ரிமீற்றர் என்று எழுதிவிடுவார்கள். ஒரு படையிலேயே 100 தர 100, அதாவது 10,000 கட்டைகள் இருக்கின்றன. 100 படை சேர்ந்தால் 10 இலட்சம். 1,000 கன சென்ரிமீற்றர் ஒரு லீற்றர் என்பதால் 1 கன மீற்றர் 1,000 லீற்றர் ஆகிறது. அவ்வளவு தண்ணீரின் நிறை ஏறத்தாழ ஒரு தொன்.

எங்கள் ஊரில் இந்தக் கணக்கு தினமும் ஓடுவது மணலில். கட்டட வேலையில் மணலும் கல்லும் கியூப் கணக்கில் பறிக்கப்படும். ஒரு கியூப் என்றால் 100 கன அடி, ஏறத்தாழ 2.83 கன மீற்றர். நாங்கள் வீடு கட்டியபோது ரைக்ரரில் மணல் கொண்டுவந்தவர் பெட்டி ஒரு கியூப் என்றார். பெட்டியின் மேல்விளிம்புக்கு மட்டமாக மணல் இருந்தது. பறித்து முடிந்ததும் அம்மா ஒரு நுனியைப் பிடிக்க நான் அளவுநாடாவை இழுத்து உட்பக்கம் அளந்தேன். நீளம் 9 அடி, அகலம் 5 அடி, உயரம் 1 அடி 9 அங்குலம். 12 அங்குலம் ஒரு அடி என்பதால் 9 அங்குலம் முக்கால் அடி. உயரத்தை 1.9 என்று எழுதக்கூடாது, 1.75 என்று எழுதவேண்டும். 9 × 5 × 1.75 = 78.75 கன அடி. ஒரு கியூபுக்கு ஐந்திலொரு பங்குக்கு மேல் குறைகிறது. அதற்கு முன்பே மூன்று பெட்டி பறித்துக் காசும் கொடுத்துவிட்டோம். நான்குக்குமாக 315 கன அடிதான் வந்திருந்தது, நாங்கள் கொடுத்ததோ 400 கன அடிக்கான காசு. அம்மா ஒன்றும் பேசாமல் அந்த மணற் கும்பியையே பார்த்துக்கொண்டு நின்றா. மணல் வாங்குகிற எவரும் பெட்டி வந்தவுடனே, பறிக்க முதல், உள்ளளவு எடுங்கள்.

மணலைப் பற்றி இன்னொன்று. இலேசான ஈரமுள்ள மணல் உப்பி நிற்கும். மணிகளைச் சுற்றிய மெல்லிய நீர்ப்படலம் அவற்றை நெருங்கவிடாது. அதே மணல் நன்றாகக் காய்ந்தாலோ, தண்ணீரில் முழுவதும் ஊறினாலோ இறுகி, பிடிக்கும் இடம் குறைந்துவிடும். ஆற்றிலிருந்து ஈரமாக வந்த ஒரு கியூப், காய்ந்தபின் ஒரு கியூப் இராது.

இனிக் கிணறு. அடித்தளம் வட்டம், மேலே வரும் படைகளும் அதே வட்டம். இதுதான் உருளை. முதற் படையின் பரப்பு பை × ஆரை × ஆரை. அதை உயரத்தால் பெருக்கினால் கனவளவு. பை என்பதற்கு 22/7 எடுத்தால் எங்கள் வேலைக்குப் போதும். உள்விட்டம் 3 மீற்றர் உள்ள கட்டுக்கிணற்றில் 2.5 மீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்போம். ஆரை 1.5. ஆகவே 22/7 × 1.5 × 1.5 × 2.5, ஏறத்தாழ 17.7 கன மீற்றர், 17,700 லீற்றர்.

இங்கே ஆரைக்குப் பதில் விட்டத்தைப் போட்டுவிட்டால் விடை இரண்டு மடங்கு ஆகுமென்று பலர் நினைக்கிறார்கள். ஆரை இரண்டு முறை பெருக்கப்படுவதால் நான்கு மடங்காகும். கிணற்றில் அது 70,000 லீற்றருக்கு மேல். வெள்ளம் வடிந்தபின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரீன் போட வரும்போது முதலில் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் கேட்பது இதற்காகத்தான். மருந்தின் அளவு தண்ணீரின் கனவளவைப் பொறுத்தது. இந்த இடத்தில் விட்டத்தை ஆரையாக எடுப்பவர் நான்கு மடங்கு குளோரீனைக் கிணற்றில் கொட்டுவார்.

அடித்தளம் செவ்வகமாகவோ வட்டமாகவோதான் இருக்கவேண்டுமென்பதில்லை. முக்கோணமோ சரிவகமோ எதுவும் இருக்கலாம். குறுக்கே எங்கு வெட்டினாலும் ஒரே முகம் வருமானால், அந்த முகத்தின் பரப்பை நீளத்தால் பெருக்கினால் போதும். இத்தகைய வடிவத்தில் முகம் நேர்கோடுகளால் ஆனதென்றால் அதற்கு அரியம் என்று பெயர். ஒரு சின்னக் குளக்கட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சரிவகம். மேலகலம் 3 மீற்றர், கீழகலம் 11 மீற்றர், உயரம் 2 மீற்றர் என்றால் முகத்தின் பரப்பு (3 + 11) ÷ 2 × 2 = 14 சதுர மீற்றர். 100 மீற்றர் நீளக் கட்டுக்கு 1,400 கன மீற்றர் மண் வேண்டும். மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் ஏறத்தாழ 165 நடை. அதுவும் இறுக்கிய மண்ணின் கணக்கு. வெட்டி ஏற்றும்போது மண் தளர்ந்து இடம் கூடப் பிடிப்பதால் நடை இன்னும் கூடும்.

படைகள் நேராக அடுக்கப்பட வேண்டுமென்பதும் இல்லை. இருபது கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, அடுக்கைக் கையால் ஒரு பக்கம் சரித்துத் தள்ளிப் பாருங்கள். வடிவம் சாய்ந்துவிட்டது, கொப்பி ஒன்றும் குறையவில்லை. இத்தாலியக் கணிதர் கவலியேரி 1635 இல் இந்த எண்ணத்தைத்தான் ஒரு விதியாக எழுதி வைத்தார். இரண்டு பொருள்களுக்கு உயரம் ஒன்றாக இருந்து, ஒவ்வொரு மட்டத்திலும் வெட்டுமுகப் பரப்பும் ஒன்றாக இருந்தால், கனவளவும் ஒன்றே.

இதுவரை பார்த்தவை எல்லாம் அடியிலிருந்து உச்சிவரை ஒரே பருமன். இனி மேலே போகப் போக ஒடுங்குகிறவை. என் வகுப்பில் நான் மிகவும் விரும்பிச் செய்கிற பாடம் இது. நீங்களும் வீட்டில் செய்யலாம். தடித்த அட்டையில் 12.5 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டம் கீறி, அதிலிருந்து 101 பாகை அளவான துண்டொன்றை வெட்டிச் சுருட்டி ஒட்டினால் ஒரு கூம்பு வரும். அதன் வாயின் ஆரை 3.5, நேர் உயரம் 12 சென்ரிமீற்றர். இன்னொரு அட்டையில் அதே ஆரையும் அதே உயரமும் உள்ள உருளை ஒன்று செய்து அடியை அடைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணல் ஒரு பேணி எடுத்து வையுங்கள்.

கூம்பு நிறைய மணலை அள்ளி, தடியால் வழித்து மட்டமாக்கி, உருளைக்குள் கொட்ட முதல் பிள்ளைகளிடம் கேட்பேன்: "எத்தினை தரம் கொட்டினால் நிரம்பும்?" எப்போதும் ஒரே பதில்தான் வரும். "இரண்டு தரம் ரீச்சர், கூம்பு அரைவாசி தானே." முன்னால் இருந்து பார்த்தால் உருளை செவ்வகம், கூம்பு முக்கோணம், முக்கோணம் செவ்வகத்தின் அரைவாசி. கண் சரியாகத்தான் பார்க்கிறது, ஆனால் பரப்பைப் பார்க்கிறது. முதல் தரம் கொட்டுகிறோம். இரண்டாம் தரமும் கொட்டுகிறோம். எல்லாரும் எழும்பி எட்டிப் பார்ப்பார்கள். "இன்னும் நிரம்பேல்லை." உள்ளே நான்கு சென்ரிமீற்றர் வெறுமையாக இருக்கும். மூன்றாந் தரம் கொட்டி விளிம்போடு மணல் மட்டமாகி நிற்கும்போது வகுப்பில் ஒரு சத்தம் எழும். எத்தனை வருடம் கேட்டாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

உருளை 22/7 × 3.5 × 3.5 × 12 = 462 கன சென்ரிமீற்றர். கூம்பு அதில் மூன்றிலொன்று, 154.

மணல் காட்டியது சரி, ஏன் சரியாக மூன்று? ஒரு சலவைச் சவர்க்காரக் கட்டியைச் சதுரமுகியாக வெட்டி எடுங்கள். ஒரு மூலையைத் தெரிவு செய்யுங்கள். அந்த மூலையைத் தொடாத முகங்கள் மூன்று இருக்கும். மூலையிலிருந்து அந்த மூன்று முகங்களையும் நோக்கி வெட்டினால் கட்டி முழுவதும் மூன்று கூம்பகங்களாக, அதாவது தட்டையான பக்கங்கள் ஒரு கூரில் சேரும் வடிவங்களாக, பிரிந்துவிடும். மூன்றும் ஒரே வடிவம், ஒரே அளவு. ஒவ்வொன்றுக்கும் அடித்தளம் ஒரு முகம், உயரம் ஒரு பக்கம். மூன்று சேர்ந்து ஒரு சதுரமுகி என்றால் ஒன்று அதில் மூன்றிலொன்று. கவலியேரியின் விதிப்படி உச்சி எங்கே சரிந்திருந்தாலும், அடித்தளம் சதுரமோ வட்டமோ, இந்த மூன்றிலொன்று மாறாது. கூம்புக்கும் கூம்பகத்துக்கும் சூத்திரம் ஒன்றே: அடித்தளப் பரப்பு × நேர் உயரம் ÷ 3.

நேர் உயரம் என்ற சொல்லில் கவனம் வேண்டும். களத்தில் குவித்த பொலியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை இயந்திரம் வந்தபின் களத்துப் பொலி குறைந்துவிட்டது, ஆனாலும் காயப்போட்ட நெல்லை மாலையில் குவிக்கும்போது அதே கூம்புதான். குவியலின் நடுவுக்குள் புகுந்து ஆரையை அளக்க வழியில்லை. அடியைச் சுற்றிக் கயிறு பிடியுங்கள். சுற்றளவு 8.8 மீற்றர் வந்தால், அதை 2 × 22/7 ஆல் வகுக்க ஆரை 1.4 மீற்றர். உயரத்துக்கு, உச்சியை மட்டுமட்டாகத் தொடும்படி ஒரு நீளத் தடியைக் கிடையாகப் பிடித்து, அதன் மட்டத்திலிருந்து நிலம்வரை அளக்கவேண்டும். 0.9 மீற்றர் என்போம். கனவளவு 22/7 × 1.4 × 1.4 × 0.9 ÷ 3, ஏறத்தாழ 1.85 கன மீற்றர், 1,850 லீற்றர். ஒரு புசல் 36.4 லீற்றர் அளவு என்பதால் இது ஏறத்தாழ 50 புசல். புசலொன்று சுமார் 21 கிலோ நெல் என்று பார்த்தால் ஒரு தொன்னைச் சற்றுத் தாண்டும். அளவுநாடாவைக் குவியலின் சரிவில் போட்டு அளப்பவருக்கு உயரம் 1.66 மீற்றர் என்று வரும். அந்தக் கணக்கில் நெல் 93 புசல். சாக்கில் கட்டும்போதுதான் குறை தெரியும்.

கோளத்துக்குச் சுருக்கமாக வருகிறேன். விட்டம் 7 சென்ரிமீற்றர் உள்ள உருண்டையான விளாம்பழம் ஒன்று மட்டுமட்டாக அடங்கும் உருளையை நினையுங்கள். ஆரை 3.5, உயரம் 7, கனவளவு 269.5 கன சென்ரிமீற்றர். பழம் அதில் மூன்றில் இரண்டு பங்கை அடைக்கும், ஏறத்தாழ 179.7. இதைச் சூத்திரமாக எழுதினால் 4/3 × பை × ஆரை × ஆரை × ஆரை. கண்டுபிடித்தவர் ஆர்க்கிமிடீஸ். எத்தனையோ கண்டுபிடித்த அந்த மனிதர் இதைத்தான் பெரிதாக மதித்து, தன் கல்லறையில் கோளமும் உருளையும் செதுக்கச் சொன்னார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அதே உருளைக்குள் அடங்கும் கூம்பையும் சேர்த்தால் கூம்பு, கோளம், உருளை மூன்றும் 1, 2, 3 என்ற விகிதத்தில் நிற்கும். எனக்கு இதைவிட அழகான கணக்கு வேறு தெரியாது.

சரி, அந்தப் பொடியனின் கேள்வி. அட்டைக் கூம்பை இப்போது தலைகீழாக, கூர் கீழே வரும்படி பிடியுங்கள். ஆழம் 12 சென்ரிமீற்றர். சரிபாதி, 6 சென்ரிமீற்றர் மட்டத்துக்கு மணல் போடுங்கள். எவ்வளவு பிடித்தது? உயரம் அரைவாசியானபோது மேற்பரப்பின் ஆரையும் அரைவாசியாகி 1.75 ஆனது. ஆரை அரைவாசியானதால் பரப்பு காற்பங்கு. காற்பங்குப் பரப்பு, அரைவாசி உயரம்: எட்டிலொன்று. 154 பிடிக்கும் கூம்பில் 19 கன சென்ரிமீற்றர் சொச்சம்தான் இருக்கிறது. ஆழத்தில் பாதி, கனவளவில் எட்டிலொன்று.

குளம் கூம்பு அல்ல. ஆனால் கூம்பைப் போலக் கீழே ஒடுங்கி மேலே விரிகிறது. தண்ணீர் ஏற ஏற அலைகரைப் பக்கம் காட்டுக்குள்ளும் பரவும். அதற்குச் சூத்திரம் இல்லை, ஆகவே பொறியியலாளர்கள் நாம் தொடங்கிய இடத்துக்கே போகிறார்கள்: படைபடையாகக் கூட்டுவது. குளத்தின் தரையை முன்பே அளந்து, ஒவ்வொரு அடி மட்டத்திலும் தண்ணீர் எத்தனை ஏக்கரில் பரவுமென்று அட்டவணை வைத்திருப்பார்கள். ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர் அடி. அது 43,560 கன அடி, ஏறத்தாழ 12 இலட்சத்து 33 ஆயிரம் லீற்றர். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடு நிரம்பினால் ஒரு இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் பிடிக்கும்.

கணக்குக்காக ஆறு அடி ஆழமுள்ள சின்ன ஊர்க்குளம் ஒன்றை எடுப்போம். அடியிலிருந்து முதல் அடிப் படை சராசரி 2 ஏக்கரிலும், அடுத்தது 6 இலும், பிறகு 11, 17, 24, 32 ஏக்கரிலும் பரவுகிறது. ஒவ்வொரு படையும் ஒரு அடி தடிப்பு என்பதால் அந்த எண்களே ஏக்கர் அடியும் ஆகும். கூட்டிக்கொண்டே போனால் 2, 8, 19, 36, 60, 92. அளவுகோல் ஆறு அடி காட்டும்போது 92 ஏக்கர் அடி. மூன்று அடி காட்டும்போது 46 அல்ல, 19. கீழ் மூன்று அடியையும் சேர்த்தாலும் மேலே உள்ள கடைசி ஓரடிக்குக் கிட்ட வராது. மாரியில் கடைசி அடிகள் ஏற நாளெடுப்பதும் இதனால்தான். அதேயளவு தண்ணீர் வந்தாலும் அகன்ற படையை நிரப்ப நேரம் செல்லும்.

இன்னும் ஒன்று கழிக்கவேண்டும். துருசின், அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகின், வாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. நமது குளத்தில் அது முதல் அடி, 2 ஏக்கர் அடி. குளம் முட்டி நிற்கும்போது பாய்ச்சக் கிடைப்பது 90, மூன்று அடியில் நிற்கும்போது 17.

வெயில் ஏறும் சித்திரை மாதத்தில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் வைத்துத் தீர்மானிப்பது குளத்து நீரிருப்பைப் பார்த்துத்தான். ஆவியாகிப் போவதை ஒரு பக்கம் விட்டுவிட்டு, ஒரு ஏக்கர் நெல்லுக்கு 4 ஏக்கர் அடி என்று வைத்தால், நிறைகுளத்துக்கு 22 ஏக்கர் விதைக்கலாம். குளம் மூன்று அடியில் நிற்கையில் "அரைக் குளம் இருக்குது, அரைவாசி விதைப்பம்" என்று 11 ஏக்கரில் நெல்லைப் போட்டால், 17 ஏக்கர் அடி தண்ணீர் நான்கு ஏக்கருக்குத்தான் காணும். மற்ற ஏழு ஏக்கரும் கதிர் தள்ளுகிற நேரத்தில் காயும்.